அட்டையில் இல்லாத கண்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள், நான் காத்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்லப்போவது ஒரே ஒரு பகல் பொழுதின் கதை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நாலு மணிக்கு முடிந்த பகல். அதற்குள் ஒரு குடும்பம் எப்படிக் குலுங்கிப்போயிற்று என்று கேளுங்கள்.

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. பழைய முதலாளி மாலையும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாங்கியவர்கள் ஏழு பேரை மட்டும் போகவிடக் கூடாது என்று பட்டியல் போட்டார்கள். மூன்று வருடம் இங்கேயே இருப்பேன் என்று அந்த ஏழு பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர்களில் நாற்பத்தோரு பேருக்கு மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. 'பூட்டுப் போட்ட ஏழு பேர்' என்று தொழிற்சாலையில் அவர்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆறு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. ஏழாவது ஆள் கலர் மாஸ்டர். நாலு நாளாகப் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்துக் கையெழுத்து வாங்கித் தர வேண்டியவள் அவனுடைய சொந்த அக்கா. ஆள்களை எடுப்பது, விடுப்புக் கொடுப்பது, அனுப்புவது எல்லாம் அங்கே அவள் பொறுப்பு. தொழிற்சாலை முழுவதற்குமே அவள் 'அக்கா'தான்.

அன்றைக்குக் காலை எட்டு மணி. மாடியில் இருந்து அக்கா இறங்கி வந்தபோது கீழ் வீட்டில் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கு நாலு மணிதான் கெடு, தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். என்ன தயக்கம் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றான். அம்மா போன பிறகு அவனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் அவள். அவன் "பார்க்கலாம்" என்றால் அதற்குள் எத்தனை பூட்டு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே இருந்து அவன் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். அவளும் கலர் ரூமில்தான் வேலை. பதினோரு வருடமாக அவன் பக்கத்திலேயே நின்று டப்பா கழுவி, அட்டை காயவைத்து, சொட்டு எண்ணி உதவி செய்கிறவள். தொழிற்சாலையில் அவளுக்குப் 'போதும்' என்று பட்டப்பெயர். கலர் சேர்க்கும்போது அவள் சொல்வது இரண்டே வார்த்தை. குறைவாக இருந்தால் "இன்னும்." சரியாக வந்துவிட்டால் "போதும்." அதற்கு மேல் பேச மாட்டாள். அந்த ரூமைத் தாண்டிப் போகிறவர்கள் காதில் நாள் முழுக்க அதுதான் விழும்.

"அண்ணி, உங்களுக்கும் ஒரு டப்பா கட்டியிருக்கேன். நேத்து மாதிரி பட்டினி கிடக்காதீங்க," என்றாள்.

டப்பாவை வாங்கும்போது அக்காவின் கை கூசியது. ஏன் கூசாது? நாற்பத்தோரு வேலை நீக்கக் கடிதங்களைத் தன் கையால் தட்டச்சு செய்து வெள்ளைக் கவரில் போட்டு ஒட்டி வைத்தவள் அவள். அதில் ஒரு கவர் இந்தத் தம்பி மனைவிக்கு. தம்பிதான் ஏழு பேரில் இருக்கிறானே, வீடு தள்ளாடாது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒட்டினாள். பக்குவமாக வீட்டில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாள் கடத்தினாள். இன்றைக்குப் பத்தரை மணிக்கு எல்லாருக்கும் கவர் கொடுக்கிறார்கள். இன்னும் சொல்லவில்லை.

தொழிற்சாலைக்குப் போனதும் நேரம் ஓடிவிட்டது. பத்தரைக்கு நாற்பத்தோரு பேரையும் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்தார்கள். வாங்கிய கம்பெனியின் ஆள் ஒருவர் நின்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். யார் எப்போது போக வேண்டும் என்ற அட்டவணை அக்கா போட்டதுதான். அந்த நேரத்தில் எந்த ரூமில் யார் இருக்க மாட்டார்கள் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஒப்பந்தக் காகிதத்தோடு கலர் ரூமுக்குள் நுழைந்தாள்.

தம்பி தனியாக நின்றிருந்தான். கலர் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் மாதிரித் தகடும், அதன் பக்கத்தில் புதிதாகத் தீட்டிய அட்டையும் இருந்தன. இரண்டும் நீலம். ஆஸ்பத்திரி வண்டிகளின் பக்கவாட்டில் ஓடுகிற பட்டைக்கான நீலம். அவன் கையில் சொட்டுக் குழாய். அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை விடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பெயிண்ட் கலக்கும் தொட்டிக்காரர் கதவருகில் வந்து, வண்டி வாசலில் நிற்கிறது, கலர் சரி என்று கையெழுத்துப் போட்ட கார்டு எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார். தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இது ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

அவள் சிரித்தாள். விளையாடுகிறான் என்று நினைத்தாள். கலர் மாஸ்டர் போய்க் காகிதம் தூக்குகிறவளிடம் கலர் கேட்பானா? எட்டிப் பார்த்தாள். ஒன்று நல்ல நீலம். மற்றது குளத்துத் தண்ணீர் மாதிரி பச்சை ஏறிக் கிடந்தது. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"இது பச்சையா இருக்கேடா."

"எது?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் சிரிப்பு நின்றுபோயிற்று.

மெல்ல மெல்லச் சொன்னான். இரண்டு வருடம் முன்னால் அந்தப் பெரிய காய்ச்சல் வந்ததே, அதிலிருந்து எழுந்தபோது நீலமும் பச்சையும் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. டாக்டர் நரம்பு என்றார், திரும்ப வராது என்றார். மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் பார்ப்பாள், அவள் சொல்வாள், அவன் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவான். காதும் காதும் வைத்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒப்பந்தத்தில் முதல் வாரமே கண் பரிசோதனை என்று ஒரு வரி இருக்கிறது. அதனால்தான் நாலு நாளாக ஒளிந்துகொண்டிருந்தான்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதே. எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து நின்றாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஏழு பேர் பட்டியலுக்குக் கணக்கு எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். எந்த வேலையில் யார் கையெழுத்து அதிகம் இருக்கிறதோ அவர்தான் முக்கியமான ஆள் என்று வாங்கிய கம்பெனி சொன்னது. பதினோரு வருடக் கலர் கார்டுகளைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் தம்பி கையெழுத்து. எப்படி வேறு கையெழுத்து இருக்கும்? தம்பி மனைவி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, கார்டில் ஒரே கையெழுத்துத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவளும் அவளே. அக்கா வேலை கொடுக்கிறாள், தம்பியும் மனைவியும் கூட்டாகக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு விதி எழுதி, முத்திரை குத்தி, சுவரில் ஒட்டினாள். இப்போது அந்த விதி ஆள் மாற்றிக் காட்டிவிட்டது. இருக்க வேண்டியவளுக்கு வெள்ளைக் கவர்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். கலர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். தம்பியின் காய்ச்சலுக்கெல்லாம் முந்தி, அதை மட்டும் நம்பி இரண்டு தடவை நீலம் அனுப்பினார்கள், இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வண்டி கட்டும் கம்பெனி திருப்பி அனுப்பியது. மூன்றாவது தடவை திரும்பினால் உறவு முடிந்தது என்று அந்தக் கம்பெனிப் பெரியவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாடிக்கைக்காகத்தான் இந்தத் தொழிற்சாலையையே வாங்கினார்கள். அது போனால் ஏழு பேருக்குப் போட்ட பூட்டும் துருப்பிடித்துப்போகும்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா பட்டியலம்மாவின் ரூமுக்குப் போனாள். வாங்கிய கம்பெனியில் இருந்து வந்திருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தொழிற்சாலை வைத்த பெயர் அது. வயது சின்னதுதான். எப்போதும் சொந்த ஃபிளாஸ்க்கில் வெந்நீர், எப்போதும் மடியில் கோப்பு. கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதுவே பயமாக இருக்கும்.

ஏழாவது பெயரை மாற்ற வேண்டும் என்றாள் அக்கா. ஏன் என்று பட்டியலம்மா கேட்டாள். அக்கா வார்த்தையை மென்றாள், விழுங்கினாள், பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கண், காய்ச்சல், கார்டு, தன் விதி, ஒன்று விடாமல். சொல்லி முடித்ததும் மனசு லேசான மாதிரி இருந்தது. அது எத்தனை நேரம்?

பட்டியலம்மா வெந்நீரை ஒரு வாய் குடித்தாள்.

"பேரை மாத்தலாம். எனக்கு அந்தக் கண்ணுதான் வேணும், யாரோடதுன்னாலும் சரி. நாலு மணிக்குள்ள அவங்க கையெழுத்து வாங்கிடுங்க."

அக்கா எழுந்திருக்கப் போனாள்.

"ஆனா அக்கா, ரெண்டு வருஷமா பார்க்காத கலருக்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க சொல்லி நான் கேட்டாச்சு. அதை நான் எழுதாம இருக்க முடியாது."

அப்போதுதான் உறைத்தது. தம்பி மனைவியை உள்ளே கொண்டுவருகிற அதே வாசல் வழியாகத் தம்பியைத் தன் கையாலேயே வெளியே தள்ளியிருக்கிறாள். அதுவும் பொய்க்காரன் என்ற பட்டத்தோடு.

ஹாலில் கூட்டம் முடிய ஒன்றரை ஆயிற்று. வெள்ளைக் கவரோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சிலர் பிரிக்காமலே பையில் வைத்தார்கள். தம்பி மனைவி கவரைப் பிரித்துப் படித்து, மறுபடி மடித்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். அக்கா அவளைக் காலி டப்பாக்கள் அடுக்கி வைக்கும் கிடங்குக்கு அழைத்துப் போனாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பசிக்கவில்லை என்றாள் அவள். இருவரும் கவிழ்த்து வைத்த டிரம்களில் உட்கார்ந்தார்கள்.

அக்கா புது ஒப்பந்தத்தை நீட்டினாள். அதில் இப்போது தம்பி மனைவியின் பெயர். கவரை மறந்துவிடு, இதில் கையெழுத்துப் போடு, மூன்று வருடம் உன்னை யாரும் அசைக்க முடியாது என்றாள். அவள் வரிவரியாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அவர் பேர் எங்கே?"

அக்கா சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"யாரைக் கேட்டு அண்ணி சொன்னீங்க?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். உன் நல்லதுக்குத்தான் என்று தொடங்கினாள்.

"என் நல்லதுக்குன்னா என்னைத்தானே மொதல்ல கேட்கணும்? அவர் கண்ணைப் பத்தி ஊருக்குச் சொல்றதுன்னா அவரைத்தானே கேட்கணும்? ரெண்டு பேரும் நாலு சுவர் தள்ளித்தான் இருந்தோம்."

அக்கா காலடியில் கிடந்த டப்பா மூடியைப் பார்த்தாள்.

"அவருக்குக் கண்ணு போனதால நான் சொல்ல ஆரம்பிச்சேன்னு நெனைக்கறீங்களா? மொத வருஷத்துல இருந்தே நான்தான் சொல்றேன். கார்டுல இவ பேரையும் போடணும்னு அவர் உங்ககிட்ட வந்து நின்னாரே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. வேலைக்கு ஆகாத பேச்சு என்று தம்பியை வாசலோடு திருப்பி அனுப்பியது, அவன் தலையைச் சொறிந்துகொண்டே போனது, எல்லாம் இருந்தது.

"பதினோரு வருஷம் என் பேரு வேண்டாம்னு வெச்சீங்க. இன்னிக்கு நாலு மணிக்குள்ள வேணும்ங்கறீங்க." காகிதத்தை அக்காவின் மடியிலேயே திருப்பி வைத்தாள். "அந்த ரூம்ல நான் பார்ப்பேன், அவர் எழுதுவார். எத்தனை சொட்டு, எந்த டப்பா, எந்தத் தேதின்னு அவர் கைக்கு ஒண்ணும் தப்பாது. எனக்கு அதெல்லாம் எழுதி வைக்க வராது. ரெண்டு பேர் வேலையை ஒரு பேர்ல எழுதினது நீங்க. இப்பவும் அதைத்தான் செய்யறீங்க. பேரை மட்டும் மாத்திட்டீங்க."

கிடங்கின் தகரக் கூரை வெயிலில் பொரிந்துகொண்டிருந்தது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. தம்பி.

எவ்வளவு நேரமாக நிற்கிறான், எதைக் கேட்டான் என்று தெரியவில்லை. அக்காவைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துப் பேசினான்.

"நீலம் போயிடுச்சு."

அவள் எழுந்துவிட்டாள்.

"தொட்டிக்காரர் மூணு தடவை வந்து நின்னார். வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான். அக்கா பச்சைன்னு சொன்னதும் சொட்டு மாத்தி மெஷின்ல வெச்சுப் பார்த்தேன், சரின்னு காட்டுச்சு. ஒரே ஒரு தடவை தனியா பார்த்துட்டா, அந்தக் காகிதத்துல தைரியமா கையெழுத்துப் போடலாம்னு..." நிறுத்தினான். "கார்டுல போட்டுட்டேன். வண்டி போய் ஒன்றரை மணி நேரம் ஆச்சு."

அவள் அவனைத் திட்டவில்லை. நேராகக் கலர் ரூமுக்கு நடந்தாள். இருவரும் பின்னால் போனார்கள். போகிற வழியில் அக்கா தம்பியின் முழங்கையைத் தொடப் பார்த்தாள். அவன் விலக்கவும் இல்லை, நின்றுகொடுக்கவும் இல்லை.

எந்தச் சரக்கு போனாலும் ஒரு சின்ன டப்பா எடுத்து வைப்பது அங்கே வழக்கம். அந்த டப்பாவைத் திறந்தாள். அட்டையில் தீட்டினாள். சூடான காற்று ஊதிக் காயவைத்தாள். ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் ஒரு கலர் என்று அவளுக்குத் தெரியாததா? விளக்குப் பெட்டியில் வைத்தாள். நேராகப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள்.

"பச்சை ஏறியிருக்கு. நாளைக்குக் காலையில அடிக்க ஆரம்பிச்சா எல்லா வண்டியும் பாழ்."

கதவருகில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பட்டியலம்மா. மணி மூன்று நாற்பது, கையெழுத்துக்காகக் கோப்பும் ஃபிளாஸ்க்குமாக வந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டி கட்டும் கம்பெனிக்குப் பேசி, டிரம்களைத் திறக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது மூன்றாவது தடவை. சொல்லாவிட்டால் நாளைக் காலை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பட்டியலம்மா நிற்கும்போதே சொல்ல வேண்டும்.

அக்காவின் கை தானாகவே போனுக்குப் போயிற்று. நான் பேசுகிறேன், அந்தப் பெரியவரை எனக்கு நல்ல பழக்கம், டிரம் மாறிப்போய்விட்டது என்று ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பழக்கதோஷம்தான். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் தாமதமானாலும் இவள்தானே காரணம் சொல்லி வளர்த்தாள்.

தம்பி அவள் கையில் இருந்து போனை எடுத்துக்கொண்டான். பிடுங்கவில்லை. விரல் விரலாக விலக்கி எடுத்தான்.

"வேண்டாம்க்கா. கையெழுத்து என்னுது."

எண்ணை அழுத்தினான். நாலு தடவை அடித்தது. அந்தப் பக்கம் பெரியவரே எடுத்தார். என்ன மாஸ்டர், சரக்கு வந்துவிட்டது, இப்போதுதான் இறக்கினோம் என்றது அவர் குரல். அமைதியான அந்த ரூமில் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா, அதைத் திறக்காதீங்க. கலர் தப்பு. நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்."

மூன்றாவது தடவை என்று ஞாபகம் இருக்கிறதா என்று பெரியவர் கேட்டார். இருக்கிறது என்றான்.

"அப்புறம் எப்படி மாஸ்டர் அனுப்பினீங்க? உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பட்டியலம்மாவின் கை கோப்பின் மேல் அப்படியே நின்றது.

"தெரியலைங்க," என்றான் தம்பி. "ரெண்டு வருஷமா எனக்கு நீலம் தெரியாது."

சொல்லிவிட்டான். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சியவன், சொல்லக் கூடாத ஆளிடமே சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றான்.

பெரியவர் கேட்டார்: அப்படியானால் இந்த இரண்டு வருடமாக நாங்கள் குறை சொல்லாமல் வாங்கினோமே, அதையெல்லாம் யார் பார்த்தது?

"என் சம்சாரம். ரெண்டு வருஷமில்லைங்க, பதினோரு வருஷமா. இங்கேதான் நிக்கறாங்க."

"அவங்ககிட்ட குடுங்க."

அவன் போனை நீட்டினான். அவள் உடனே வாங்கவில்லை. விரலெல்லாம் நீலமாக இருந்தது. துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் பேசத் தொடங்கினாள். எத்தனை சொட்டு குறைக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, யாரும் கேட்காமலே தம்பி ஒரு புதுக் கார்டை எடுத்து எழுத ஆரம்பித்தான்.

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். அங்கே அவள் செய்ய ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் அது அவளுக்குப் புதிது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கையெழுத்து விழாத ஒப்பந்தம் மேஜை மேல் கிடந்தது. பட்டியலம்மா உள்ளே வந்து அதை எடுத்தாள். கிழிக்கவில்லை, அக்காவிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஜன்னலோரம் பேசிக்கொண்டிருந்தவளை ஒரு தரம், எழுதிக்கொண்டிருந்தவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு காகிதத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு தன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தலைமை ஆபீசுக்கு அவள் எண் அழுத்தும் சத்தம் கேட்டது. ஃபிளாஸ்க்கை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

போதும் கண்ணுகளா, இன்றைக்கு இவ்வளவுதான். அந்தக் கதவு திறக்கும்போது என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நீங்கள் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் உழைக்கிற கைகள் வலியில்லாமல் இருக்கட்டும். எந்தக் கை செய்கிறதோ அந்தக் கையின் பெயரைச் சொல்லி நாலு பேர் கூப்பிடட்டும். ஒருவர் குறையை ஒருவர் தாங்கி, ஒருவரையொருவர் கேட்டு நடக்கிற வீடாக உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும்.